உஷார்! ரெசினுக்குள்ளே கடுகளவு காற்று

ஜூஜுவாடி, சிப்காட் பக்கம் பவுடர் கோட்டிங் கன்னின் கேஸ்கேடுக்குப் புது போர்டு போட்டு ரெசின் ஊற்றிக் கொடுக்கும் தம்பிகளே, கைவேலையைக் கொஞ்சம் நிறுத்திவிட்டுக் கேளுங்கள்.

கேஸ்கேடு என்ற அந்தக் குழலுக்குள் டயோடும் கப்பாசிட்டரும் ஏணிப்படியாக ஏறி, முனையில் 60 முதல் 100 கிலோவோல்ட் வரை தருகின்றன. 1932-ல் காக்ராஃப்ட்டும் வால்டனும் லித்தியம் அணுவைப் பிளந்ததும் இதே ஏணியை வைத்துத்தான்.

போன மழைக்காலத்தில் செத்துப்போய் வந்த ஒன்றை ஹாக்ஸா போட்டு அறுத்தேன். வெளியே கண்ணாடிப் பளபளப்பு. உள்ளே, கட்டரால் நறுக்கிய டயோடு காலின் கூர்முனையில் ஒரு குமிழி. அங்கிருந்து செடிவேர் மாதிரி கரிக்கோடு கிளைவிட்டு அடுத்த படிவரை ஓடியிருந்தது. டெஸ்டில் பாஸ் ஆன போர்டுதான் அது!

நல்ல எபாக்சி ஒரு மில்லிமீட்டருக்கு 15 கிலோவோல்ட் அளவுக்குத் தாங்கும். காற்று தாங்குவது சுமார் 3. போதாக்குறைக்குக் குமிழிக்குள்தான் மின்புலம் இன்னும் அழுத்தும். உள்ளேயே பொறி பறந்து பறந்து ரெசினை நாளாவட்டத்தில் அரிக்கும். ஒரு நிமிட டெஸ்டில் இது எங்கே தெரியப்போகிறது?

பாலியூரித்தேன் ஊற்றுகிறவர்கள் இன்னும் உஷார். அதன் ஹார்டனரில் உள்ள ஐசோசயனேட், ஈரம் பட்டாலே கார்பன் டை ஆக்சைடு விட்டு ஆப்பமாவு மாதிரி பொங்கும். டின்னைத் திறந்து போட்டுவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். அதன் ஆவி நுரையீரலுக்கும் ஆகாது. முகமூடியும் காற்றோட்டமும் கட்டாயம். கடையில் வாங்கிய, வினிகர் வாடை அடிக்கும் சிலிகானைப் போர்டில் தொடவே கூடாது. அந்த அமிலம் செம்பைத் தின்றுவிடும்.

சால்டரை முள்ளாக விடாமல் உருண்டையாக முடியுங்கள். ஃப்ளக்ஸைச் சுத்தமாகக் கழுவி, போர்டை ஓவனில் காயவைத்த பிறகே ஊற்றுங்கள். கலந்த ரெசினை வாக்குவம் சேம்பரில் வைத்து, நுரை எழும்பி அடங்கும்வரை பொறுங்கள். மார்கழிக் குளிரில் ரெசின் பாகாக இறுகி நிற்கும், குமிழி மேலே வராது; சப்ளையர் சொன்ன சூட்டுக்குக் கொண்டுவந்த பிறகு கலக்குங்கள்.

ஒன்றே ஒன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன். 'பவர் பத்தலண்ணே' என்று கஸ்டமர் சொன்னார் என்பதற்காக முனையிலுள்ள ரெசிஸ்டரை ஷார்ட் பண்ணிவிடாதீர்கள். தெறிக்கும் பொறியை அடக்கி வைப்பதே அதுதான். அது போனால், பூத்துக்குள் மிதக்கும் பவுடர் மொத்தமும் தீப்பிடிக்கலாம். உள்ளே நிற்பது கன் பிடிக்கும் பையன்.