மருத்துவமனைக் கூரைக்குள் இருந்த ஆஸ்பெஸ்டாஸ்

அமெரிக்கப் படையில் ஆஸ்பெஸ்டாஸ் என்றதும் எல்லாரும் போர்க்கப்பலைப் பற்றித்தான் பேசுகிறார்கள். ஆனால் 1970-களுக்கு முன் கட்டிய ராணுவ மருத்துவமனைகளிலும் கொதிகலன், நீராவிக் குழாய் உறை, தரை ஓடு, கூரைப் பலகை என்று அது பரவலாகப் பயன்பட்டது. சிதையாத பொருளால் ஆபத்து குறைவு என்பார்கள். உண்மைதான், அங்கே சில நாள் படுத்திருந்த நோயாளி பதற வேண்டியதில்லை. குழாய் உறையை அறுத்த, கூரையைத் துளைத்த பராமரிப்புப் பணியாளரின் நிலை வேறு. அவர் சுவாசித்த இழை மீசோதெலியோமா என்னும் புற்றுநோயாக வெளிப்பட 20 முதல் 50 ஆண்டுகள்கூட ஆகலாம்.

அதற்குள் சாட்சிகளும் ஆவணங்களும் மறைந்துவிடுகின்றன. பணியில் நேர்ந்த பாதிப்புக்குப் படைவீரர் அரசின் மீதே வழக்குத் தொடர, அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 1950-ஆம் ஆண்டு ஃபெரெஸ் தீர்ப்பு தடையாக நிற்கிறது (நியாயமா என்பது தனி விவாதம்). ஆனால் முன்னாள் படைவீரர் நலத் துறையிடம் மாத இழப்பீடு கோரலாம். அதற்குப் பணிக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பை நிறுவ வேண்டும். ‘நம் படையையே கோர்ட்டுக்கு இழுப்பதா?’ என்று தயங்குவோருக்கு ஒன்று சொல்லலாம்: வழக்கு, ஆஸ்பெஸ்டாஸ் பொருளைத் தயாரித்து விற்ற நிறுவனத்தின் மீதுதான். 1982-இல் திவால் மனு கொடுத்த ஜான்ஸ்-மான்வில் போன்ற நிறுவனங்களின் திவாலை ஒட்டி, பாதிக்கப்பட்டோருக்காக உருவான அறக்கட்டளை நிதிகளும் உள்ளன. ஒரு வழியில் போனால் மற்றது அடைபடாது. வழக்குத் தொடரும் காலவரம்பு பெரும்பாலும் நோய் கண்டறிந்த நாளிலிருந்து தொடங்கும். சில மாநிலங்களில் அது ஓராண்டுதான்.