வெள்ளி மூக்கு முதல் டைட்டானியம் வரை: முகச் சீரமைப்பில் பொருள் தேர்வு

அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்பர். அம்முகமே விபத்தினாலோ, புற்றுநோயினாலோ, பிறவிக் குறையினாலோ சிதைந்துவிடின், மனிதன் பிறர்முன் வரவும் நாணுகின்றான். உண்பதும் பேசுவதும்கூட அவனுக்கு இடராகின்றன. அவனுக்கு முகத்தை மீட்டுத் தருவது ஒட்டறுவை மருத்துவம். ‘பிளாஸ்டிக் சர்ஜரி’ என்னும் பெயரைக் கேட்டதும், பிளாஸ்டிக்கை வைத்துத் தைப்பர் போலும் எனக் கருதுவோர் உளர். அப்பெயர் ‘உருவமைத்தல்’ என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லினின்று பிறந்ததாகும். ஆயினும், உருவமைக்க எப்பொருளைக் கொள்வது என்பது அம்மருத்துவத்தின் கடினமான வினாக்களுள் ஒன்றே.

அவ்வினா புதியதன்று. குலாப் போரில் மூக்கை இழந்த அர்ஃபஜா இப்னு அஸ்அத் (ரலி) அவர்கள் வெள்ளியால் மூக்குச் செய்து பொருத்திக்கொண்டார்கள். அதில் துர்நாற்றம் உண்டாயிற்று. அப்போது அண்ணல் நபி (ஸல்) அவர்கள், பொன்னால் மூக்குச் செய்துகொள்ளுமாறு பணித்தார்கள். அபூதாவூத், திர்மிதீ முதலிய நபிமொழித் தொகுப்புகளில் இச்செய்தி காணப்படுகிறது. ஆடவர் பொன் அணிதலை விலக்கிய மார்க்கம், தேவை கருதி இங்கே அதனை அனுமதித்தது. வெள்ளி கந்தகச் சேர்மங்களோடு கூடிக் கறுக்கும் இயல்புடையது. பொன் எளிதில் எதனோடும் வினைபுரியாதது. பொருளின் மதிப்பைவிட, உடல் அதனை ஏற்கின்றதா என்பதே முதன்மையானது என்னும் உண்மை இந்நிகழ்ச்சியில் பொதிந்துள்ளது.

உள்வைப்பும் அதன் அளவும்

அந்தப் பொன் மூக்கு வெளியே பொருத்தப்பட்டது. இக்கால உள்வைப்போ தோலுக்கும் தசைக்கும் அடியில், எலும்பைத் தழுவி அமர்வது. எனவே தவறான தேர்வின் விளைவும் உள்ளேயே ஒளிந்திருந்து பின்னர் வெளிப்படும். 1899ஆம் ஆண்டு வியன்னா நகர மருத்துவர் ராபர்ட் கெர்சுனி, பாரஃபின் வகைப் பொருளை உடலுள் செலுத்தும் முறையைத் தொடங்கினார். பின்னர் பலர் அழகு வேண்டி அதனை முகத்தில் ஏற்றுக்கொண்டனர். ஆண்டுகள் சில சென்றபின் கட்டிகளும் புண்களும் தோன்றி, இருந்த அழகும் கெட்டது.

இன்று உள்வைப்பை ஒவ்வொருவர்க்கும் தனித்தனியே அளவெடுத்துச் செய்ய இயலும். சி.டி. ஸ்கேன் படங்களைக் கொண்டு கணிப்பொறியில் மண்டையோட்டின் உருவம் அமைக்கப்படுகிறது. ஒருபுறக் கன்னம் சிதைந்திருப்பின், நலமான மறுபுறத்தைக் கண்ணாடியில் காண்பதுபோல் திருப்பி வைத்து, குறையும் பகுதி கணிக்கப்படுகிறது. அவ்வடிவம் முப்பரிமாண அச்சு முறையிலோ கடைந்தெடுத்தோ ஆக்கப்படும். வடிவம் எத்துணைப் பொருத்தமாயினும், பொருள் பொருந்தாவிடின் பயனில்லை.

பொருள்களின் இயல்பு

முதற்கண் எண்ணத்தக்கது நோயாளியின் சொந்த எலும்பும் விலா எலும்பின் குருத்தும் ஆகும். தன்னுடையது என்பதால் உடல் அதனைப் பகைப்பதில்லை. ஆனால் எடுத்த இடத்தில் மற்றொரு காயம் உண்டாகும். வைத்த எலும்பு நாளடைவில் கரையவும், குருத்து வளையவும் கூடும்.

சிலிக்கோன் மென்மையானது, வேண்டாதபோது எளிதில் அகற்றத்தக்கது. உடல் அதனைச் சுற்றி உறைபோன்ற ஒரு திசுவைப் படைத்துத் தனியே ஒதுக்கிவிடுகிறது. ஆதலின் அது இடம்பெயரலாம். மோவாயில் வைத்தால் அடியிலுள்ள எலும்பு தேய்வதும் உண்டு. துளையுள்ள பாலிஎத்திலீனோ, நுண்துளைகளுள் திசுக்களும் குருதிக் குழாய்களும் புகுந்து வளர இடம் தருகிறது. அது அசையாது நிற்கும். அதுபற்றியே, கிருமித் தொற்று ஏற்பட்டு அகற்ற நேரின் அகற்றுதல் அரிதாகும். நிலைத்து நிற்பதும் எளிதில் நீங்குவதும் ஒரே பொருளில் அமைவதில்லை.

எலும்பு டைட்டானியத்தோடு இறுகப் பிணைவதை சுவீடன் நாட்டு அறிஞர் பிரானிமார்க் 1950களில் கண்டறிந்தார். 1965இல் முதன்முதலாக மனிதத் தாடையில் அதனைப் பல் வேராகப் பொருத்தினார். அது வலியது, துருவேறாதது. எனினும் எலும்பைவிடப் பன்மடங்கு விறைப்பானது. ஸ்கேன் படங்களில் நிழல் வீழ்த்துவது. புற்றுநோய் மீண்டும் தோன்றுகிறதா எனக் கண்காணிக்க வேண்டியவர்க்கு இது ஓர் இடையூறாகலாம். ‘பீக்’ எனப்படும் பாலிமர் விறைப்பில் எலும்பை ஒட்டியது. எக்ஸ்ரே கதிர்களை மறைக்காதது. ஆனால் எலும்போடு தானாக ஒட்டாது, விலையும் மிகுதி.

இடம் நோக்கிய தேர்வு

ஓரிடத்தில் நல்லது பிறிதோரிடத்தில் தீதாகலாம். சமையல் சட்டியில் பூசப்படும் டெஃப்லான், எதனோடும் வினைபுரியாத பொருள் எனப் பெயர் பெற்றது. 1980களில் அமெரிக்காவில் அதனைக் கொண்டு தாடை மூட்டு உள்வைப்புகள் செய்து பலர்க்குப் பொருத்தினர். மெல்லும்போது ஓயாது விழுந்த அழுத்தத்தால் அது துகள் துகளாக உதிர்ந்தது. உடல் அத்துகள்களை எதிர்த்துப் போராடியதில் சுற்றியிருந்த எலும்பே அரிக்கப்பட்டது. 1990இல் அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகம் எச்சரிக்கை விடுத்தது. அசையாத கன்னத்துக்கும் அசையும் மூட்டுக்கும் ஒரே அளவுகோல் பொருந்தாது என்பது பெரும் விலை கொடுத்துக் கற்ற பாடமாகும்.

கேட்டறிய வேண்டுவன

உள்வைக்கும் பொருள் யாது? என் முகத்தின் அவ்விடத்திற்கு அது ஏன் ஏற்றது? தொற்று வந்தால் அகற்ற இயலுமா? பின்னாளில் ஸ்கேன் எடுக்கத் தடையாகுமா? இவ்வினாக்களை நோயாளியும் குடும்பத்தாரும் அறுவைக்கு முன்பே தயங்காது கேட்டல் வேண்டும். நம் சமுதாயத்தார் கேட்க வேண்டிய வினா மற்றொன்றும் உண்டு. மேற்கூறிய செயற்கைப் பொருள்கள் விலங்கின் உடலிலிருந்து எடுக்கப்படுவன அல்ல. ஆனால் அறுவையில் பயன்படும் திசுத்தாள்களுள் பன்றித் தோலிலிருந்து ஆக்கப்படுவனவும் உள. மாற்றுப்பொருள் உண்டா என மருத்துவரையும், இல்லாதபோது நிர்ப்பந்த நிலையின் சட்டத்தை ஆலிம்களையும் கேட்டுத் தெளிதல் நன்று.

இறைவன் அளித்த முகத்தை வீண் பெருமைக்காக மாற்ற விழைவது வேறு. இழந்த முகத்தை மீட்க முயல்வது வேறு. முன்னதற்கு அடக்கம் வேண்டும். பின்னதற்குத் தயக்கம் வேண்டுவதில்லை. சிதைந்த முகத்தோடு வீட்டுக்குள் ஒடுங்கிக் கிடப்பவரை, விதி என்று சொல்லி அங்கேயே விட்டுவிடாமல், தக்க மருத்துவரிடம் அழைத்துச் செல்வது கற்றவர் கடமையாகும். வெள்ளி பொருந்தாதபோது பொன்னை நாடச் சொன்ன வழிகாட்டல் நம்மிடம் உண்டு.