மூட்டை இறக்கும் முன் சீட்டு கேளுங்கள்

ஈரோட்டு மஞ்சளுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. வாங்கியது மஞ்சள் வணிகர்கள், கிடங்கு உரிமையாளர்கள் சங்கம். அதனாலேயே அது வியாபாரிகள் சமாசாரம் என்று காட்டுக்காரர்கள் பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. குறியீட்டு எல்லைக்குள் மஞ்சள் விளைவிப்பவரும் ‘அங்கீகரிக்கப்பட்ட பயனாளர்’ ஆகலாம். விண்ணப்பக் கட்டணம் 2020-ல் 500 ரூபாயிலிருந்து 10 ரூபாய்க்கு வந்துவிட்டது. ஒரு டீ செலவு! வேறு ஊர்ச் சரக்கை ஈரோட்டுப் பெயரில் விற்றால் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை.

பெயர் இருந்தும் கப்பலேற முடியாமல் போவது உண்டு. மஞ்சளில் ஈயம் கிலோவுக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது ஐரோப்பிய ஒன்றியம். பாலிஷ் போடும் இடத்தில் நிறத்துக்காகச் சேர்க்கும் லெட் குரோமேட் என்ற ஈயச் சாயம்தான் இதில் வில்லன். சாயம் போட்டவர் யாரோ, விலை சரிந்தால் அடி வாங்குவது விளைவித்தவர். சாயம் பூசுவது தெரிந்தால் மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் புகார் கொடுக்கலாம்.

பெரிய ஆபத்து கிடங்கில் இருக்கிறது. பல ஆண்டுகள் 7,000, 8,000 என்று கிடந்த குவிண்டால் விலை 2024-ல் 15,000-ஐத் தாண்டியது. இதைப் பார்த்தவர்கள் இருப்பு வைக்கத்தான் செய்வார்கள். ஆனால் பழக்கத்தை நம்பி, துண்டுக் காகிதக் கணக்கில் மண்டியில் மூட்டை அடுக்குவது சரியல்ல. தீப்பிடித்தாலோ, மண்டிக்காரர் நொடித்துப்போனாலோ எதைக் காட்டிக் கேட்பீர்கள்?

கர்நாடகத்தின் பியாடகியில் 2014 ஜனவரியில் ஒரு குளிர்பதனக் கிடங்கு எரிந்தது. விவசாயிகள் வைத்திருந்த மிளகாய் உள்ளிட்ட விளைபொருள் போயிற்று. பாலிசி கிடங்கின் பெயரில் இருக்கிறது, விவசாயிகளுக்குப் பொறுப்பல்ல என்றது காப்பீட்டு நிறுவனம். விவசாயிகளும் நுகர்வோரே என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து, இழப்பீட்டை உறுதி செய்தது. அவர்கள் சரக்குக்குக் கிடங்கு ரசீது இருந்தது.

ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் இருப்பு வைத்தால் மதிப்பில் 75 சதவீதம் வரை பொருளீட்டுக் கடன் உண்டு. அவசரத்துக்கு விற்க வேண்டியதில்லை. கிடங்கு ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவான கிடங்கு என்றால் மின்னணு ரசீதையே வங்கியில் அடகு வைக்கலாம். தகராறு வந்தால் 2 ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக வேண்டும்.

எடை, தரம், தேதி, காப்பீடு நான்கும் எழுதிய ரசீதைக் கேளுங்கள். தர மறுக்கும் கிடங்கில் வண்டியை நிறுத்தாதீர்கள்.