உங்களுக்குத் தெரியுமா? பன்னிரண்டு பன்னிரண்டாக எண்ணிய பேரோம் மக்கள்

● நைஜீரியா என்றால் ஹவுசா, யோருபா, இக்போ என்று மூன்று மொழிகளோடு நிறுத்திக்கொள்வது வழக்கம். அந்த நாட்டில் பேசப்படும் மொழிகள் 500-க்கும் மேல். அவற்றில் 40-க்கும் மேற்பட்டவை நாட்டின் நடுவே உள்ள பிளாட்டோ என்ற ஒரே மாநிலத்தில் இருக்கின்றன. அதன் தலைநகர் ஜோஸ். அந்த நகரிலும், தெற்கே புக்குரு, ரியோம், பார்க்கின் லாடி வட்டாரங்களிலும் பேசப்படும் மொழிதான் பேரோம்.

● சிறுபான்மை மொழி என்றதும் மலையடிவாரத்தில் நாலு குடிசை என்று நினைத்துவிட வேண்டாம். பேரோம் பேசுவோர் சுமார் 10 லட்சம் பேர். இதுவும் ஒரு மதிப்பீடுதான். 2006-இல் நடந்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இனம், மதம் இரண்டையும் கேட்கவே இல்லை. யார் எத்தனை பேர் என்பது அங்கே அரசியல் நெருப்பு.

● பேரோம் மொழியில் 12-க்குப் பெயர் 'குரு'. நமக்குப் பத்து எப்படியோ, அவர்களுக்குப் பன்னிரண்டு அப்படி. ஒன்றிலிருந்து எட்டு வரை தனித்தனிப் பெயர்கள் உண்டு. ஒன்பதுக்கு வந்ததும் ஆட்டமே மாறுகிறது: பன்னிரண்டில் எத்தனை குறைகிறது என்று பார்க்கிறார்கள். 'டாட்' என்றால் மூன்று. 'ஆ-டாட்' என்றால் பன்னிரண்டுக்கு மூன்று குறை, அதாவது ஒன்பது. 'பா' இரண்டு, 'ஆ-பா' பத்து. 'குவினி' ஒன்று, 'ஆ-குவினி' பதினொன்று. பன்னிரண்டைத் தாண்டிவிட்டால் குருவும் ஒன்றும், குருவும் இரண்டும் என்று ஏறும். 24 என்பது இரண்டு குரு. 30 என்றால் இரண்டு குருவும் ஆறும். நாம் முழு எண்ணாகக் கொண்டாடும் 100, அந்தக் கணக்கில் எட்டு குருவும் நாலும் என்று உதிரியாக நிற்கும். 12-ஐ இரண்டு, மூன்று, நான்கு, ஆறு பேருக்கு மீதமில்லாமல் பங்கு போடலாம். பத்தை இரண்டு பேருக்கோ ஐந்து பேருக்கோதான் முடியும். பாகப்பிரிவினை என்று வந்தால் அவர்கள் கட்சிதான் வெல்லும்.

● மத்திய நைஜீரியாவின் இந்த எண்ணுமுறையைப் பற்றி நார்த்கோட் தாமஸ் என்ற ஆங்கிலேய மானிடவியலாளர் 1920-இலேயே கட்டுரை எழுதியிருக்கிறார். அப்போது நைஜீரியாவில் புழங்கியது ஆங்கிலேயர் காசு: 12 பென்னி ஒரு ஷில்லிங். பேரோம் வியாபாரிக்கு அது தோதாக இருந்திருக்கும் என்பது என் ஊகம். 1973 ஜனவரி 1-இல் நைரா வந்தது, 100 கோபோ ஒரு நைரா. பள்ளிக்கூடமும் பத்தைத்தான் கற்றுக்கொடுக்கிறது. மொழி உயிரோடு இருக்க, பன்னிரண்டுக் கணக்கு மட்டும் தேய்ந்து, பேச்சில் பத்துக் கணக்கு வந்துவிட்டது.

● அதே வட்டாரத்தில் இன்னும் விசித்திரம் ஒன்று உண்டு. குவாண்டாரா என்ற மொழி ஹவுசாவுக்கு மிக நெருங்கிய உறவு. அதன் வட்டார வழக்குகளில் நிம்பியா என்ற ஒன்று மட்டும் பன்னிரண்டில் எண்ணுகிறது. உலகில் வேறெங்கே இந்த முறை என்று தேடினால், நேபாளத்தின் செபாங் மொழியிலும் பழைய மாலத்தீவு மொழியிலும் கிடைக்கிறது.

● பேரோம் பேச்சில் குரலின் ஏற்ற இறக்கத்துக்கு மூன்று படிகள்: மேல், நடு, கீழ். படி மாறினால் பொருள் மாறும்.

● பேரோம், நைஜர்-காங்கோ என்னும் பெருங்குடும்பத்தைச் சேர்ந்தது; கென்யாவின் சுவாஹிலிக்குத் தூரத்துச் சொந்தம். பக்கத்து ஊரான மங்குவில் பேசும் முவாகாவுல் மொழியோ ஹவுசா, அரபு, ஹீப்ரு மொழிகளின் குடும்பம். அடுத்தடுத்த ஊர், ஆனால் மொழிக்கு மொழி ஒட்டு உறவே இல்லை.

● நைஜீரியாவை ஆண்டவர்கள் ஆங்கிலேயர். ஆனால் பேரோமுக்கு விரிவான இலக்கணம் 1970-இல் பிரெஞ்சு மொழியில் வந்தது. எழுதியவர் பெல்ஜிய மொழியியலாளர் லுக் புக்கியோ. ஆங்கிலவழியில் படித்த பேரோம் ஆசிரியருக்கு அதைப் புரட்ட இன்னொரு அந்நிய மொழி தேவைப்படும்!

● பேரோம் மக்களின் பழைய சோறு 'அச்சா' என்ற தானியம். ஒரு மணி ஒன்றரை மில்லிமீட்டரைத் தாண்டுவதே அரிது. அதன் பக்கத்தில் வைத்தால் நம்மூர்ச் சாமை பருமனாகத் தெரியும். சத்தில்லாத மண்ணிலும் விளையும். சில ரகங்கள் எட்டு வாரத்துக்குள் அறுவடைக்கு வந்துவிடும். உமி நீக்குவதுதான் பெரும்பாடு. அந்த வேலை காலங்காலமாகப் பெண்கள் தலையில். காய்கறி, கீரையோடு சேர்த்துக் குழையக் கிண்டினால் 'குவாட்டே'.

● அவர்களுடைய இன்னொரு பழைய பயிர் 'வாட்' என்ற கிழங்கு. ஹவுசாவில் ரிஸ்கா. இதன் ஒன்றுவிட்ட உறவினர் நம் சமையலறையிலேயே இருக்கிறார்: தை மாதம் திருநெல்வேலிச் சந்தைக்கு வருகிற சிறுகிழங்கு! அதுவும் ஆப்பிரிக்காவிலிருந்து வந்த பயிர்தான். ஆங்கிலத்தில் இன்றும் 'ஹவுசா உருளை' என்று அதற்கு ஒரு பெயர் உண்டு.

● 19-ஆம் நூற்றாண்டில் வடக்கேயிருந்து குதிரைப்படைகள் அடிமை பிடிக்க வந்தன. ஜோஸ் பீடபூமி மக்கள் கோட்டைச் சுவர் கட்டவில்லை, கள்ளி நட்டார்கள். வீடு, தோட்டம், ஊருக்குள் போகும் சந்து என்று எல்லாவற்றுக்கும் இரண்டு பக்கமும் ஆளுயரக் கள்ளி வேலி. குறுகிய சந்தில் குதிரையால் பாயவும் முடியாது, திரும்பவும் முடியாது. முள் ஒரு தொல்லை என்றால் கள்ளிப்பால் கண்ணில் பட்டால் இன்னொரு தொல்லை. செலவில்லாத இந்தப் பாதுகாப்பை வகுத்தவர்கள் யாரென்று எந்தச் சரித்திரத்திலும் பெயர் இல்லை.

● படையெடுத்தவர்களால் பிடிக்க முடியாத மண்ணை வெள்ளீயம் பிடித்தது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயக் கம்பெனிகள் சுரங்கம் தோண்ட வந்தன. 1914-இல் புக்குருவுக்குச் சிறு ரயில் வந்தது. நாலா திசையிலிருந்தும் வந்த கூலிகளுக்குப் பொதுமொழியானது ஹவுசா. விளைநிலத்தைத் தோண்டிப்போட்ட பள்ளங்கள் இன்று குளம் குளமாக நிற்கின்றன.

● வெள்ளீயம் தேடியவர்கள் கையில் வேறு புதையலும் சிக்கியது. 1943-இல் பீடபூமியின் மேற்கு ஓரத்தில் கிடைத்த ஒரு சுடுமண் தலையைக் கொண்டுபோய்க் கிழங்குத் தோட்டத்தில் சோளக்கொல்லைப் பொம்மையாக நட்டுவைத்திருந்தார்கள். அது 2,000 ஆண்டுகளுக்கு மேற்பட்ட நோக் பண்பாட்டுச் சிற்பம்! அதை அடையாளம் கண்ட பெர்னார்ட் ஃபேக்தான் 1952-இல் ஜோஸ் அருங்காட்சியகத்தை நிறுவினார்.

● பேரோம் மக்களின் தலைவருக்குப் பட்டம் 'குபோங் குவோம் ஜோஸ்'. முன்பு ஊருக்கு ஊர் தனித் தலைவர்கள்தான். எல்லோருக்கும் பொதுவான தலைவர் பிறகுதான் வந்தார். 1947-இல் அந்தப் பட்டத்துக்கு வந்தவர் டா ருவாங் பாம். 2009 முதல் அதை வகிப்பவர் ஜேக்கப் கியாங் புபா. நைஜீரியச் சுங்கத்துறையின் தலைமைப் பதவியில் இருந்தவர். பெயருக்கு முன்னால் வரும் 'டா' அங்கே மரியாதைச் சொல். நம்மூர் 'டா'வை நினைத்துக்கொள்ளாதீர்கள்.

● ஆண்டுதோறும் நடக்கும் 'ன்செம் பேரோம்' விழா, ஊர் ஊராக நடந்துவந்த பழைய பருவகால விழாக்களை ஒரே மேடைக்குக் கொண்டுவந்தது. மழையை வரவேற்று விதைப்பைத் தொடங்கும் 'மாண்டியெங்' அவற்றில் முக்கியமானது.

● நிலமும் அதிகாரமும் யாருக்கு என்ற சண்டையில் ஜோஸ் வட்டாரம் பலமுறை ரத்தம் சிந்தியிருக்கிறது. 2010 ஜனவரியில் குரு காராமா ஊரில் 100-க்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள். மார்ச் மாதம் டோகோ நஹாவா முதலான ஊர்களில் பேரோம் மக்கள் பெருந்தொகையாகக் கொல்லப்பட்டார்கள். பிணங்களில் குழந்தைகள் நிறைய.

● ஒரு மொழி அங்கே எப்படி மறையும் என்பதற்கு அஜாவா சாட்சி. அண்டை மாநிலமான பௌச்சியில் அதைப் பேசியவர்கள் ஹவுசாவுக்கு மாறி, 1940 வாக்கில் அந்த மொழி அற்றுப்போனது. பிளாட்டோவின் பாஷார் பகுதியில் யாங்காம் மொழி இப்போது அதே பாதையில் போகிறது. அங்கே பேசத் தெரிந்தவர்கள் முதியவர்கள் மட்டுமே.

● தொடக்கப்பள்ளியின் ஆறு ஆண்டுகளும் தாய்மொழியில் பாடம் என்று நைஜீரிய அரசு 2022-இல் கொள்கை முடிவெடுத்தது. மூன்றே ஆண்டுகளில், 2025 நவம்பரில், அதைக் கைவிட்டு ஆங்கிலத்துக்கே திரும்பியது. பாடப்புத்தகம் அச்சடித்து, ஆசிரியரைப் பழக்கி முடிக்கவே அந்த மூன்று ஆண்டு போதாது. இதை ஒரு சோதனை என்று சொல்வதே தவறு. பேரோமுக்கு ஆள்பலம் இருக்கிறது, தாங்கிக்கொள்ளும். சில ஆயிரம் பேர் மட்டும் பேசுகிற அதன் அண்டை மொழிகளுக்குத்தான் இந்த முடிவு பேரிடி.