அம்மா அழுத்திய மணி ஏன் ஒலிக்கவில்லை?



கொண்டாப்பூர், மியாப்பூர் பக்கம் அடுக்குமாடிகளில் வசிக்கும் நம்மவர் பலர், ஊரிலிருந்து பெற்றோரை அழைத்து வந்து உடன் வைத்திருக்கிறோம். எங்கள் வீட்டிலும் அம்மா இருக்கிறார். இரவில் கூப்பிட வசதியாக அவர் கட்டிலருகே கம்பியில்லா அழைப்புப் பொத்தான் ஒன்றை வைத்தோம். பகலில் கணீரென்று ஒலித்த மணி, இரவு எட்டு மணிக்கு மேல் சில வேளை மௌனம் சாதித்தது. பேட்டரி புதிது, பொத்தானிலும் பழுதில்லை. பிறகு கோளாறு எங்கே?

காற்றில்தான்! இத்தகைய பொத்தான்கள், கதவு திறந்தால் தெரிவிக்கும் கருவிகள் பலவும் ஜிக்பீ என்ற முறையில் பேசுகின்றன. அதற்கான அலைவரிசை 2400 முதல் 2483.5 மெகா ஹெர்ட்ஸ் வரை. நம் நாட்டில் 2005 முதல், குறைந்த திறனுள்ள கருவிகள் இதை உரிமம் இல்லாமலே பயன்படுத்தலாம். வை-ஃபை, புளூடூத் இரண்டும் இதே பாதையில்தான் ஓடுகின்றன. மைக்ரோவேவ் அடுப்பும் 2450 அருகே இரைகிறது.

கல்யாண மண்டபத்தில் தவில் முழங்கும்போது பக்கத்து நாற்காலிக்காரர் காதில் ரகசியம் சொன்னால் கேட்குமா? ஜிக்பீயின் நிலை அதுவே. அதன் திறன் சில மில்லிவாட் மட்டுமே. வை-ஃபை பல மடங்கு உரத்தது. பொத்தான் பேசுமுன் பாதை ஓய்ந்திருக்கிறதா என்று கவனிக்கும்; ஓயாவிட்டால் சில முறை முயன்று நிறுத்திவிடும். எல்லோரும் வேலை முடிந்து வந்து படம் பார்க்கும் இரவு வேளையில் பாதை எப்படி ஓயும்?

இதற்கு என்ன செய்யலாம்?

1. செல்பேசி, டி.வி., கணினி ஆகியவற்றை ரூட்டரின் 5 கிகா ஹெர்ட்ஸ் இணைப்புக்கு மாற்றுங்கள். அது தனிப் பாதை.

2. ரூட்டரின் 2.4 கிகா ஹெர்ட்ஸ் பகுதியில் சேனலை 'ஆட்டோ'வில் விடாமல் 1 என்றும், அகலத்தை 20 மெகா ஹெர்ட்ஸ் என்றும் வையுங்கள். அது 2423 வரை அடங்கிவிடும்.

3. ஜிக்பீ ஹப்பை 25-ஆம் சேனலில் வையுங்கள். அது 2475-இல் இருப்பதால், பக்கத்து வீட்டு ரூட்டர் 11-இல் இருந்தாலும் இடிக்காது. 13-இல் இருந்தால் இடிக்கும். சேனல் மாற்றியபின் சில கருவிகளை மீண்டும் இணைக்க நேரிடலாம்.

4. ஹப்பை ரூட்டரின் மேலேயோ, இரும்பு பீரோவின் பின்னாலோ வைக்காதீர்கள். ஓரிரு மீட்டர் தள்ளி வையுங்கள். யு.எஸ்.பி. 3 சொருகியும் இந்த அலைவரிசையில் இரைச்சல் எழுப்பும்.

5. ஹப் தொலைவில் இருந்தால் நடுவில் ஒரு ஜிக்பீ பிளக் பொருத்துங்கள். மின்சாரத்தில் இயங்கும் அது செய்தியை வாங்கிக் கடத்தும். பேட்டரியில் ஓடும் கருவிகள் கடத்தா.

வை-ஃபையிலேயே இயங்கும் பல்புகளுக்கு 3-ஆம் யோசனை பொருந்தாது. வாங்குமுன் பெட்டியைப் படித்துப் பாருங்கள்.

எங்கள் வீட்டில் ஹப்பைத் தள்ளி வைத்து, சேனலை மாற்றினோம். பிறகு இரவு ஒன்பது மணிக்கு அம்மாவையே பத்து முறை அழுத்தச் சொன்னோம். பத்து முறையும் மணி ஒலித்தது. நீங்களும் பகலில் சோதித்து ஏமாறாமல், கூட்டம் மிகுந்த இரவில் சோதியுங்கள்.

இருந்தாலும் கட்டிலருகே கம்பி இழுத்த பழைய மணி ஒன்றையும் பொருத்தியிருக்கிறோம். உயிர் சம்பந்தப்பட்ட காரியத்தில் ஒன்றை மட்டும் நம்பியிருக்கலாகாது அல்லவா?