பெயிண்ட் புரோகிராமில் ஒரு ஓட்டு வீடு

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பெரும்பாலும் முதலில் விளையாடிப் பார்ப்பது பெயிண்ட் புரோகிராமில்தான். நாலு கோடு கிறுக்கி, கலர் ஊற்றி, மூடிவிட்டு, அதன் பிறகு அதை மறந்தே போவார்கள். அதே பெயிண்டில் ஒரு கேமுக்குத் தேவையான படங்களை வரையலாம் என்றால் நம்புவீர்களா? நானும் என் கல்லூரி நண்பனும் ஓய்வு நேரத்தில் ஒரு சிறிய கேம் செய்து வருகிறோம். புரோகிராம் எழுதுவது அவன். படம் வரைவது நான். கேம் நடப்பது 2019-ல் விற்கப்பட்டு இடிக்கப்பட்ட எங்கள் கிராமத்து ஓட்டு வீட்டில். அந்த வீட்டுக்கு எங்களிடம் மிஞ்சியிருப்பது மூன்று போட்டோக்கள் மட்டுமே.

திண்ணை, முற்றம், கூடம் எல்லாம் ஒரே பார்வையில் தெரிய வேண்டும். நேர் மேலிருந்து பார்த்தால் கூரை மட்டும் தெரியும்; முன்னாலிருந்து பார்த்தால் வாசல் மட்டும் தெரியும். இரண்டுக்கும் நடுவில், மூலையிலிருந்து சாய்வாகப் பார்ப்பது போல வரைவதைத்தான் ஐசோமெட்ரிக் என்கிறோம். 1982-ல் வந்த சாக்ஸான், 1984-ல் வந்த நைட் லோர், 1993-ல் வந்த சிம்சிட்டி 2000 எல்லாம் இந்தப் பார்வையில் அமைந்தவை. 2018-ல் ஒரு சிறிய குழு வெளியிட்ட இன்டு தி பிரீச் கேமிலும் இதையே பார்க்கலாம். தூரத்தில் இருக்கும் பொருள் சிறியதாகத் தெரியாது என்பது இதில் பெரிய வசதி. ஒரு தூணை வரைந்துவிட்டால் அதையே பத்து இடத்தில் நட்டுக்கொள்ளலாம்.

இனி செய்முறைக்கு வருவோம். பெயிண்டைத் திறந்து கண்ட்ரோல் + இ அழுத்துங்கள். வரும் கட்டத்தில் பிக்ஸல் என்பதைத் தேர்வு செய்து, அகலம் 64, உயரம் 32 என்று கொடுங்கள். திரையில் ஒரு சிறு துண்டுக் காகிதம் போலத் தெரியும். ஜூமை 800 சதவீதம் ஆக்கி, வியூ மெனுவில் கிரிட்லைன்ஸை இயக்குங்கள். ஒவ்வொரு சதுரமும் ஒரு பிக்ஸல்.

பென்சில் டூலை மட்டும் எடுங்கள். லைன் டூல் வேண்டாம். அதில் படிகள் ஒரே அளவாக அமையாமல் போகலாம். முதல் வரிசையின் நடுவில் 2 பிக்ஸல் வையுங்கள். அடுத்த வரிசையில் அவற்றுக்கு இடப்பக்கம் 2, வலப்பக்கம் 2. இப்படியே படிக்கட்டு போல 16 வரிசை இறங்குங்கள். கடைசி வரிசையில் இரு ஓரமும் ஒரு பிக்ஸல் காலியாக இருக்கும். தப்பாகிவிட்டதோ என்று அழிக்க வேண்டாம், அதுதான் சரி. இந்த மேல் பாதியை செலக்ட் செய்து, காப்பி எடுத்து, பேஸ்ட் செய்து, தலைகீழாகத் திருப்பி, கீழே பொருத்துங்கள். ஒரு சாய்சதுரம் கிடைக்கும். அதுதான் தரைக்கான ஓடு.

2 பிக்ஸல் குறுக்கே, 1 பிக்ஸல் கீழே என்ற கணக்கு ஏன்? உண்மையான ஐசோமெட்ரிக் வரைபடத்தில் கோட்டின் சாய்வு 30 டிகிரி. பிக்ஸலில் அதை வரைந்தால் ஒரு படி 2, அடுத்த படி 1 என்று பல்லிளிக்கும். 2-க்கு 1 என்றால் சாய்வு சுமார் 26.6 டிகிரிதான், ஆனால் எல்லாப் படியும் ஒரே அளவு. இன்ஜினியரிங் டிராயிங் வகுப்பில் இதற்கு மார்க் குறைத்திருப்பார்கள்!

சுவர் வேண்டுமா? மறுபடி கண்ட்ரோல் + இ கொடுத்து உயரத்தை 64 ஆக்குங்கள். சாய்சதுரத்தின் இடது, வலது, கீழ் முனைகளிலிருந்து 32 பிக்ஸல் நேராக இறக்கி, அடியில் அதே படிக்கட்டால் இணையுங்கள். மேல் பக்கத்துக்கு வெளிர் நிறம், இடப்பக்கத்துக்கு நடுத்தரம், வலப்பக்கத்துக்கு அடர் நிறம். தட்டையான படம் சட்டென்று பெட்டியாக எழுந்து நிற்கும். வெளிச்சம் இடது மேலிருந்து வருகிறது என்று முடிவு செய்துவிட்டால் கேம் முழுவதும் அப்படியே இருக்க வேண்டும். ஓரக் கோடுகளைக் கறுப்பாக விடாமல் உள்ளே ஊற்றிய நிறத்தையே கொடுங்கள். இல்லாவிட்டால் ஓடுகளை அடுக்கும்போது தரை முழுக்க இரட்டைக் கோடு விழும்.

முக்கியமான எச்சரிக்கை. சேமிக்கும்போது பி.என்.ஜி. என்பதையே தேர்ந்தெடுங்கள். நான் ஒரு முறை கவனிக்காமல் ஜேபெக் ஆகச் சேமித்து, மூன்று வார வேலையை இழந்தேன். ஜேபெக் முறை பைலின் அளவைக் குறைக்க, படத்தை 8-க்கு 8 பிக்ஸல் கட்டங்களாகப் பிரித்து நுணுக்கங்களைக் குறைத்துவிடும். போட்டோவில் அது கண்ணுக்குத் தெரியாது. பிக்ஸல் படத்தில் ஓரமெல்லாம் அழுக்குப் படிந்தது போலாகிவிடும். அதைத் திறந்து மறுபடி பி.என்.ஜி. ஆகச் சேமித்தாலும் போனது போனதுதான். பழகிய பிறகு லிப்ரெஸ்பிரைட் என்ற இலவச சாப்ட்வேருக்கு மாறினால் பின்னணி இல்லாமல் சேமிப்பது சுலபம். விண்டோஸ் 11-ன் பெயிண்டிலும் 2023-லிருந்து அந்த வசதி உண்டு.

ஓடுகளை அடுக்குவது என் நண்பனின் வேலை. ஒவ்வொரு ஓட்டுக்கும் இரண்டு எண்கள் உண்டு. முதல் எண்ணிலிருந்து இரண்டாவதைக் கழித்து 32-ஆல் பெருக்கினால் திரையில் குறுக்கே எவ்வளவு என்பது கிடைக்கும். இரண்டையும் கூட்டி 16-ஆல் பெருக்கினால் கீழே எவ்வளவு என்பது கிடைக்கும். 3, 1 என்றால் குறுக்கே 64, கீழேயும் 64. கூட்டுத்தொகை குறைந்த ஓட்டை முதலில் வரைய வேண்டும். அப்போதுதான் முன்னால் உள்ள தூண் பின்னால் உள்ள சுவரை மறைக்கும்.

போன மாதம் முற்றத்தை முடித்து அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "துளசி மாடம் அங்க இல்லைடா, ரெண்டு அடி தள்ளி, அடுக்களை வாசலுக்கு நேரா இருக்கும்" என்றார். மூன்று போட்டோவிலும் துளசி மாடமே இல்லை. பைலில் 5, 3 என்று இருந்ததை 5, 4 என்று மாற்றி மறுபடி ஓட்டினேன். "ஆங், இப்ப சரி" என்றவர், கிணறு எங்கே என்று கேட்டார். வட்டமான கிணற்றை இந்தப் பார்வையில் உயரத்தைப் போல இரு மடங்கு அகலமுள்ள நீள்வட்டமாக வரைய வேண்டும். அதன் படிகளை ஒழுங்காக்க இதுவரை நான்கு முறை அழித்து வரைந்துவிட்டேன்.