ஒரு பிள்ளையின் மனதில் சாதி எப்படி நுழைகிறது?

எழுபது வயதுப் பெரியவரை ஊர்த்தெருச் சிறுவன் பெயர் சொல்லி 'வாடா' என்று கூப்பிடுவதும், அவர் தோள் துண்டை இடுப்புக்கு இறக்கி 'சொல்லுங்க சாமி' என்பதும் நம் கிராமங்கள் அறிந்த காட்சி. பல ஊர்களில் அது மறைந்துவிட்டது. சில ஊர்களில் வேறு வடிவத்தில் நீடிக்கிறது. அந்த ஒரே அழைப்பில் இரண்டு பாடங்கள் நடக்கின்றன. தான் மேலானவன் என்று சிறுவன் கற்றுக்கொள்கிறான். பெரியவரின் கையைப் பிடித்து நிற்கும் பேரனோ, தன் தாத்தாவுக்கு இந்த ஊரில் என்ன மதிப்பு என்பதைக் கற்றுக்கொள்கிறான்.

நான் யார், என்னால் என்ன முடியும் என்ற எண்ணம் யாருக்கும் பிறப்போடு வருவதில்லை. மற்றவர்கள் பார்க்கும் பார்வை, கூப்பிடும் சொல், உட்காரச் சொல்லும் இடம் ஆகியவற்றிலிருந்துதான் அது உருவாகிறது. சமூகம் நமக்குக் கண்ணாடி போன்றது என்று 1902இல் எழுதினார் அமெரிக்கச் சமூகவியலாளர் சார்லஸ் ஹார்ட்டன் கூலி. அந்தக் கண்ணாடியே கோணலாக இருந்தால் என்ன ஆகும்?

செங்கல்பட்டு மாவட்டம் கோழியாளத்தில் பிறந்த ரெட்டமலை சீனிவாசன், கோயம்புத்தூரில் படித்த நாட்களைத் தன் வாழ்க்கை வரலாற்றில் பதிவு செய்திருக்கிறார். சுமார் 400 மாணவர்களில் பத்துப் பேர் தவிர எல்லோரும் பிராமணர்கள். நெருங்கிப் பழகினால் சாதியும் குடியிருப்பும் தெரிந்துவிடும், தாழ்வாக நடத்துவார்கள் என்று அஞ்சி, வெளியே எங்காவது படித்துக்கொண்டிருப்பார். மணி அடித்த பிறகே வகுப்புக்குள் போவார். சக மாணவர்களோடு ஓடி விளையாட வேண்டிய வயது அச்சத்திலேயே கழிந்தது.

அதே மனிதர் 1893இல் 'பறையன்' என்ற பெயரிலேயே பத்திரிகை தொடங்கினார். பிறர் இழிவாகச் சொன்ன பெயரைத் தலை நிமிர்ந்து தானே சொன்னார். பின்னாளில் லண்டன் வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கருடன் அமர்ந்து நம் உரிமைகளைக் கேட்டார்.

அம்பேத்கரின் அனுபவம் இன்னொரு பக்கத்தைக் காட்டுகிறது. 1913இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வாழ்ந்த ஆண்டுகளில், தான் தீண்டத்தகாதவர் என்ற நினைப்பே தன்னை விட்டுப் போய்விட்டதாக எழுதியிருக்கிறார். பரோடாவுக்கு வேலைக்கு வந்ததும் தங்க இடம் கிடைக்கவில்லை. பழைய நினைப்பு திரும்பி வந்தது. ஆள் அதே ஆள்தான். சுற்றியிருந்தவர்கள் நடத்திய விதம்தான் மாறியது.

இதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்ற இரு ஆய்வாளர்கள் உத்தரப் பிரதேசக் கிராமங்களில் ஆதிக்க சாதி மாணவர்கள் 321 பேருக்கும் ஒடுக்கப்பட்ட சாதி மாணவர்கள் 321 பேருக்கும் வழி கண்டுபிடிக்கும் புதிர்களைக் கொடுத்தார்கள். சாதியைச் சொல்லாதபோது இரு பிரிவினருக்கும் வேறுபாடு இல்லை. எல்லோர் முன்னும் சாதியைச் சொல்லி அழைத்தபோது பெரிய இடைவெளி விழுந்தது. பிள்ளைகளின் மூளை ஒரே நாளில் மாறிவிடவில்லை. அறையில் சொன்ன ஒரு சொல் அவர்கள் கையைக் கட்டிப்போட்டது.

'தகுதி இல்லை' என்று பேசுவோருக்கு இதைவிட நேரான பதில் வேண்டியதில்லை.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் தலித் மாணவரும் அவருடைய தங்கையும் வெட்டப்பட்டார்கள். வெட்டியவர்கள் உடன் படித்த மாணவர்கள். அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதியரசர் சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. கையில் கட்டும் வண்ணக் கயிறுகளுக்குத் தடை, ஆசிரியர்கள் மாணவரைச் சாதியைக் குறித்து அழைக்கக் கூடாது என்பவை அதன் பரிந்துரைகளில் சில. இவை சின்ன விஷயங்கள் அல்ல. கயிற்றின் நிறமும் ஆசிரியரின் ஒரு சொல்லும் பிள்ளையின் மதிப்பெண் வரை, சில நேரம் உயிர் வரை, போகின்றன.

உதவித்தொகைப் படிவம் வந்தால், வகுப்பில் எல்லோர் முன்னும் எழுந்து நிற்கச் சொல்லாமல் மாணவரைத் தனியே அழைத்துத் தரலாம். அதற்கு அரசாணை தேவையில்லை. பெற்றோர்களே, வீட்டில் 'நமக்கெல்லாம் இது வராது' என்று சொல்வதை நிறுத்துங்கள். ஊர் நம் மேல் சுமத்திய சொல்லை நாமே பிள்ளையிடம் ஒப்படைக்க வேண்டாம். மாணவர்களே, உங்கள் வகுப்பில் மணி அடிக்கும்வரை வெளியே தனியே நிற்கும் ஒரு நண்பர் இருக்கலாம். பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வையுங்கள்.